குப்பைத்தொட்டிக்கும் முப்பத்தொன்று உண்டு

சறோஜினி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கொழும்பு கொட்டாஞ்சேனைச் சந்தையில் பாரை மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். அழைத்தவர் அவருடைய பெறாமகன் சுதன். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்து வெள்ளவத்தையில் அவரோடு தங்கியிருந்தவர். "பெரியம்மா மோசம் போயிட்டா, அங்கிள். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவ, அப்பிடியே சரிஞ்சிட்டா" என்றார். அதே மூச்சில், "நோட்டிசுக்குப் போட ஒரு நல்ல படம் உங்களிட்ட இருக்கோ?" என்றும் கேட்டார். என்னிடம் இல்லை. வெட்டிய மீனை வாங்காமலேயே பஸ் ஏறினேன்.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் அநேகரின் அலுமாரியில் அவர் செய்த கல்வெட்டு ஒன்றாவது இருக்கும். அறியாதவர்களுக்கு ஒரு வரி: ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் அவருடைய படம், வாழ்க்கை வரலாறு, பாட்டு எல்லாம் போட்டு வீட்டார் கொடுக்கும் சிறு புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு, அக்கா அதை வீட்டிலிருந்தே செய்தார். பக்கம் அமைப்பது அவர், பாட்டு எழுதுவது நான். வெள்ளவத்தையில் இறந்தவர்களின் முகங்களை எல்லாம் துடைத்து, வெளிச்சம் கூட்டி, ஊருக்குக் காட்டிய மனுசிக்கு நோட்டிசில் போட ஒரு படம் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து வைத்திருந்தார்கள். அதில் அவர் யாரோ களவுக்குப் பிடிபட்டவர் போல இருந்தார். எனக்கு அன்றைக்கே கோபம் தொடங்கிவிட்டது.

எங்கள் கூட்டு வேலை சண்டையில்தான் ஆரம்பமானது. தண்ணீர்ச் சபையில் மீற்றர் பார்த்த ஒருவருக்கு நான் "கற்பகத் தருவே, கருணைக் கடலே" என்று எழுதிக் கொண்டுபோனேன். அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார். நான் கிறிஸ்தவன், அதனால் அவருக்கு எப்போதும் வேதக்காரத் தம்பி. "வேதக்காரத் தம்பி, இந்த ஆள் கடலோ? மகள் என்ன சொன்னவ? அப்பாவுக்கு மீன் பாத்து வாங்கத் தெரியும், செவுளைத் தூக்கிப் பாக்காமல் வாங்கமாட்டார் எண்டெல்லோ சொன்னவ. அதை எழுதும்." எழுதினேன். முப்பத்தொன்றுக்கு அந்த வரியை வாசித்துவிட்டு மகள் விம்மி அழுததைப் பார்த்த பிறகு, கருணைக் கடலை நான் யாருக்கும் எழுதவில்லை.

அக்கா வீட்டின் நடு அறையில் இருந்தது அவருடைய பழைய கணினி. கடற்கரைப் பக்க வீடு என்பதால் உப்புக் காற்று அதன் பெட்டியை அரித்திருந்தது. டிஸ்க் எந்த நேரமும் நிறைமாதம். ஒரு முறை அது மிகவும் மெதுவாகிவிட, முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக் பிரதான தெருவான காலி வீதியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபோமட் கரமு, நோனா" என்றார். முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவோம் என்கிறார். இந்த நகரத்தில் கணினிக்கு என்ன நோய் வந்தாலும் கொடுக்கிற மருந்து இது ஒன்றுதான். அக்கா, "எப்பா மல்லி", வேண்டாம் தம்பி, என்று சிங்களத்திலேயே சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "தலையிடிக்குத் தலையை வெட்டுற வைத்தியன்" என்று வண்டியில் வரும் வழியெல்லாம் ஏசினார்.

மேல் மாடிக்காரர் ஒருவரும் உதவிக்கு வந்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஏதோ துப்புரவு ப்ரோகிராமைப் போட்டால் ஒரு கிளிக்கில் எல்லாம் போய்விடும் என்றார். அக்கா அவருக்கு முறுக்கும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தெருவால போறவன் வந்து வீட்டைச் சும்மா கூட்டித் தாறன் எண்டா, திறப்பைக் குடுப்பியளோ?" அவர் முறுக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் முறை வேறு. அதை முழுதாக நான் கண்டது, ஒரு கல்வெட்டை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய மாலையில். இடமில்லை, பக்கத்தைச் சேமிக்க முடியாது என்று கணினி கையை விரித்துவிட்டது. வீட்டார் கீழே வண்டியில் காத்திருந்தார்கள். நான் பதறினேன். "பதறின கை பிழையான சாமானைத் தூக்கும். இரும்" என்றார் அக்கா. முதலில் கணினியோடு வந்த துப்புரவுக் கருவியைத் திறந்து, தற்காலிகக் கோப்புகளையும் பழைய அப்டேட்டுகளின் மிச்சங்களையும் எடுப்பித்தார். "அது போட்ட குப்பையை அதுவே அள்ளட்டும்." ஒருவரும் விளையாடாத ஒரு விளையாட்டை, அதன் ஃபோல்டரைப் பிடித்து இழுத்து எறியாமல், ப்ரோகிராம்களை நீக்குகிற இடத்துக்குப் போய் முறையாக நீக்கினார். கணினியின் சொந்த ஃபோல்டர் ஒன்று எல்லாவற்றையும்விடப் பெருத்துக் கிடந்தது. நான் அதைக் காட்டினேன். "நான் வைக்காததை நான் எடுக்கமாட்டன்" என்று தாண்டிப் போய்விட்டார். அதற்குள் பக்கத்தைச் சேமிக்க இடம் கிடைத்துவிட்டது.

பெரிய படங்களையும் வீடியோக்களையும் மறுநாள்தான் தொட்டார். வெளியே செருகுகிற டிஸ்க் ஒன்றில் பிரதி எடுப்பார். எடுத்ததும் அழிக்கமாட்டார். அந்தப் பிரதியைத் திறந்து, முகம் தெரிகிறதா, கடைசிப் பக்கம் வரை போகிறதா என்று பார்ப்பார். பிறகுதான் கணினியில் உள்ளதைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவார். "முதல்ல திறந்து பாரும், பிறகு அழியும்." இதை எனக்கு எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை.

குப்பைத்தொட்டியையும் உடனே காலி செய்யமாட்டார். தொட்டியில் கிடக்கும்வரை டிஸ்க்கில் இடம் விடுபடாதே என்று நான் வாதாடினேன். "தெரியும். செத்தவைக்கே முப்பத்தொண்டு வரைக்கும் வீட்டில இடம் குடுக்கிறம். ஒரு படத்துக்குக் குடுக்கேலாதோ?" என்றார். நான் சிரித்தேன். பிறகு ஒரு நாள் மட்டக்குளியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். தகப்பனின் படத்தை வெட்டிக் கல்வெட்டில் போட்டாயிற்று. வெட்டாத படத்தில் பக்கத்தில் தாயும் நின்றிருக்கிறார். தாயின் வேறு படம் வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்ததாம். அந்தப் படம் பிரதி எடுக்காமல் போன ஒன்று, ஆனால் தொட்டியில் கிடந்தது. அக்கா அதை மீட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் திரையில் தாயின் கன்னத்தைத் தொட்டார். அதன் பிறகு நான் சிரிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா கடைசிவரை பாமினியில்தான் தட்டினார். பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துகள்தான் கண்டபடி தெரியும். ஃபோல்டர்களுக்கும் அவர் அப்படியே பெயர் வைத்தார். அதுவும் இறந்தவரின் பெயரை வைக்கமாட்டார். கொண்டுவந்த பிள்ளைகள் என்ன சொல்லி அழுதார்களோ அதை வைப்பார். அம்மா என்று தட்டினால் திரையில் mk;kh என்று நிற்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக, பின்னால் இலக்கம் போட்டு, எத்தனையோ mk;kh. என்ன அக்கா இது கோழி கிளறின மாதிரி என்று பகிடி பண்ணினேன். "தெரிஞ்சவனுக்குத் தமிழ், தெரியாதவனுக்குக் குப்பை" என்றார். அது பிற்பாடு இப்படிப் பலிக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் தொலைபேசியில், "என்ர படங்களைத் தூக்கிப் போட்டன். ஒரு டீச்சரின்ர கல்வெட்டு வேலை வந்திருக்கு, இடம் காணாது" என்றார். பிரதி எடுத்தீர்களா என்று கேட்டேன். "என்ர மூஞ்சியை ஆர் தேடப் போகினம்? தொட்டியிலதானே கிடக்குது, முப்பத்தொண்டு கழியட்டும், பாப்பம்" என்றார். ஆகவே சந்தையில் நின்று செய்தி கேட்ட அந்த நேரத்திலேயே நான் சுதனிடம் சொன்னேன்: "படம் கொம்பியூட்டர்ல குப்பைத்தொட்டியில கிடக்கு. நான் வந்து எடுத்துத் தாறன். ஆரையும் அதில கை வைக்க விடாதையும்." ஓம் அங்கிள், ஓம் அங்கிள் என்றார். பாஸ்வேர்ட் ஒருவருக்கும் தெரியவில்லை. செத்த வீட்டு அமளியில் யாரும் அதைத் திறக்கவும் இல்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று நான் போனபோது கணினிக்கு முன்னால் ஒரு புதிய ஆள் இருந்தார். பாஸ்வேர்டை உடைக்கச் சுதன் கூப்பிட்ட கடைக்காரர். வந்ததுதான் வந்தார், மெஷினைத் துப்புரவாக்கியும் தரும்படி சுதன் சொல்லிவிட்டாராம். சிறுவர் இல்லம் ஒன்றுக்குக் கொடுக்கப் போகிறாராம். என்ன தாராளம். தன் சாமானை அல்ல, பெரியம்மாவின் சாமானை, அதுவும் எட்டு முடியும் முன்.

"நல்ல காலம் சேர், ஒரே வைரஸ்" என்றார் கடைக்காரர். "பேரைப் பாத்தாலே தெரியும். எம் கே, எம் கே எண்டு ஒரு கூட்டம். எல்லாத்தையும் தூக்கிட்டன். ரீசைக்கிள் பின்னையும் எம்டி பண்ணிட்டன். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கார்ட்டூனும் ஏத்தியிருக்கன்."

"திறந்து பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"வைரஸைத் திறக்கக் கூடாது, சேர்."

"அது வைரஸ் இல்லை, தம்பி. அது அம்மா."

அவருக்கு விளங்கவில்லை. தமிழ் பேசுகிறவர், ஆனால் பாமினியைக் கண்டிராதவர். நான் ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே தமிழை எழுதிக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போது பாதி போய்விட்டது. சுதன் மேல் இருந்தது போகவில்லை. "அங்கிள், இதெல்லாம் வெறும் பழைய ஃபைல்தானே. பெரியம்மாவே போயிட்டா" என்றார் அவர். வாழை இலை விரித்து, அக்காவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்திருக்கிற வீட்டில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். ஆவிக்குச் சோறு வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஆளின் முகத்தை எட்டு நாள் காக்கத் தெரியவில்லை. அவர் காதுபடவே இதைச் சொன்னேன். சாப்பிடாமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக நான் வருந்தவில்லை.

உங்கள் வீட்டு அம்மாக்கள் தப்பிவிட்டார்கள். அது அக்காவின் முறையால். உப்புக் காற்றுக்குப் பயந்து அரிசிக்குள் புதைத்து பிஸ்கட் டின் ஒன்றில் வைத்திருந்த அந்த டிஸ்க்கை மறுநாள் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லா முகமும் தெரிந்தது. வேண்டியவர்கள் என்னிடம் வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம். அக்காவின் படம் மட்டும் அதில் ஒன்றும் இல்லை.

கடைக்காரர் தானாகவே மூன்று நாள் இருந்து அழிந்ததைத் தேடினார், அதற்காக அவருக்கு நன்றி. ஏற்றிய கார்ட்டூன்கள் அந்த இடத்தை மிதித்துவிட்டன என்றார். கடைசியில் ஒரே ஒரு படம் கிடைத்தது, அதுவும் பாதி. நெற்றி, பொட்டு, கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற அந்தக் கண்கள், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். என்னை ஏசப் போகிறவர் போலப் பார்க்கிறார்.

உண்மையைச் சொன்னால் என் கோபத்தில் பெரும்பங்கு அவர் மேல்தான். ஊராருக்கு எல்லாம் பிரதி எடுத்த மனுசி, தனக்கு ஒன்று எடுக்கவில்லை. இடம் தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் முதலில் தன்னைத்தான் தூக்கி வெளியில் வைத்தார். என் முகத்தை யார் தேடப் போகிறார்கள் என்று எந்தத் துணிவில் சொன்னார்? நான் தேடினேன், அக்கா. தெரு நிறைய ஆட்கள் தேடினோம்.

முப்பத்தோராம் நாள் கல்வெட்டை நானே ஒற்றை விரலால் தட்டினேன். அட்டையில் அடையாள அட்டைப் படம்தான் போட வேண்டும் என்று சுதன் நின்றார். நான் பாதிப் படத்தைப் போட்டேன். மிச்சப் பாதி எங்கே என்று வந்தவர்கள் கேட்டார்கள். சுதனைக் கேளுங்கள் என்றேன். ஆன்மா சாந்தியடையட்டும் என்ற வரியைப் போடவில்லை. அந்தக் கண்களில் சாந்தி ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை.

அந்தப் பாதிப் படம் இப்போது என் வீட்டுக் கணினியில் இருக்கிறது. அதுவும் பழையது, அதுவும் நிரம்பியது. ஃபோல்டருக்கு அக்காவின் முறையிலேயே, பாமினியில், சறோ அக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன். போன கிழமை என் மகள் இடம் காணாது என்று அதைத் துப்புரவாக்க உட்கார்ந்தாள். "அப்பா, இதென்ன rNwh mf;fh எண்டு ஒண்டு கிடக்கு? வைரஸ் போல. தூக்கவோ?" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"முதல்ல திறந்து பார்" என்றேன்.