கொம்பனோடு அலைந்த சனிக்கிழமைகள்

நாவல் எழுதுவது சுகமான வேலை. எழுதியதைப் பையில் தூக்கிக்கொண்டு போய் நாமே விற்பதுதான் தொழில். அதில் அடிபட்ட சகபாடிகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. எண்பதுகளில், இலங்கையில் மாத்தளைக் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தபோது, நானும் ஒரு மாயாஜால நாவலை அச்சடித்தேன். நெற்றியில் கொம்போடு பிறந்தவனை ஊர் துரத்திவிடுகிறது. கொம்பன் பூதங்களைத் தாண்டி, பிழைக்க வேறு இடம் தேடிப் போகிறான். சனிக்கிழமைகளில் நானும் அவனோடு கிளம்புவேன்.

அரண்மனை

இரத்தோட்டை பஸ் நிலையத்தில், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா அட்டையைப் புரட்டிப் பார்த்தார். பறக்கும் குதிரையைப் பற்றி உற்சாகமாகச் சொன்னேன். அவர் அசரவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன தம்பி குடும்பம் இன்னும் தங்க இடமில்லாமல் அலைகிறதாம். இந்தக் கொம்பனுக்காவது வீடு கிடைக்கிறதா என்று கேட்டார். அரண்மனையே கிடைக்கிறது என்றேன். ஒரு பிரதியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"அரமணையெல்லாம் யாரு கூட்டிப் பெருக்குறது? ஒரு வீடுன்னு எழுதியிருக்கலாம்ல சேர்."

வரைபடம்

பல்லேகம போகும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. முதல் பக்கத்தில் நான் ஆசையாகப் போட்டிருந்த வரைபடத்தை ஒரு சிப்பாய் கண்டுவிட்டார். ஆறு, காவல் கோபுரம், எதிரியின் கோட்டை, எல்லாம் தமிழில். பஸ் போய்விட்டது, நான் நின்றேன். அப்படி நிறுத்தப்பட்ட சிலர் வீடு திரும்பாத காலம் அது.

இது எந்த மாவட்டம் என்று அதிகாரி கேட்டார். எந்த மாவட்டமும் இல்லை, கற்பனை என்று சொல்லி, முழுக் கதையையும் சிங்களத்தில் ஒப்பித்தேன். கொம்பன் ஆற்றில் விழுந்த இடத்தில் சிப்பாய்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். அவன் கரையேறிய பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. அடுத்த பஸ்ஸை அதிகாரியே மறித்து என்னை ஏற்றிவிட்டு, சிங்களத்தில் சொன்னார்:

"கதை நல்லது. படத்தைக் கிழித்துவிட்டு விற்றுக்கொள்."

முடிவு

அலுவிகாரையில் பரீதாவும் அவர் கணவர் சிவமும் சின்னக் கடை வைத்திருந்தார்கள். கல்யாணம் செய்துகொண்டதற்காக இரண்டு வீட்டாரும் அவர்களைத் தள்ளிவைத்திருந்தார்கள். சிவம் என் நாவலை மனைவிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். கடைசி அத்தியாயத்தில், துரத்திய ஊரே கூப்பிட, கொம்பன் அழுதுகொண்டே திரும்பிப் போய் அரியணை ஏறுகிறான். நான் பெருமைப்பட்ட இடம் அது. பரீதா எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, கோபம் குறையாமல் கேட்டார்:

"தொரத்தினவங்க கூப்பிட்டா ஒடனே போவணுமா சேர்? நாங்க போகல்லியே. நல்லாத்தானே ஈக்கிறோம்."

இரண்டாம் பதிப்பில் கொம்பன் திரும்பிப் போகவில்லை. எழுதியவனுக்குத் தெரியாததை வாங்கியவர்களிடம் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொள்வதற்குத்தான் புத்தகம் விற்பது என்று பெயர்.