துருப்பிடித்த விண்கல் மோதிரம்

காக்காவின் சுண்டுவிரலை உடைத்தவள் நான்தான். காக்கா என் மூத்த சகோதரர். எட்டு வருஷம் கட்டாரில் வெயிலில் வெந்து, நான் கலியாணம் முடித்து இருக்க இந்த வீட்டைக் கட்டித் தந்தவர். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார்.

அந்த வீட்டின் முன்னறையில்தான் வெள்ளி நகை செய்கிறேன். விண்கல்லை மெல்லிய தகடாக வாங்கி அமிலத்தில் போட்டெடுத்தால், மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கட்டம் மாதிரி கோடுகள் எழும்பும். அதோடு இரத்தினபுரி நீலக்கல்லைச் சேர்த்து வெள்ளியில் பதிப்பேன். ஆண்களுக்குத் தங்கம் கூடாது என்பதால், காக்காவுக்கும் இடது சுண்டுவிரலில் போட அப்படியொரு வெள்ளி மோதிரம் செய்து கொடுத்தேன். அவர் வீடு தந்தார், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

விண்கல்லில் பாதிக்கு மேல் இரும்பு. மெழுகு பூசிவிட்டால் துருப்பிடிக்காது என்று யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னான். அவன் நாளுக்கு ஐந்து தரம் வுளூ செய்கிறவனா என்ன? ஒவ்வொரு தொழுகைக்கும் கை கழுவும்போது, மோதிரத்தை அசைத்து அடியில் தண்ணீர் படவைப்பது எங்கள் வழக்கம். நானும் அப்படித்தான் கழுவுகிறேன். இருந்தும் மெழுகு கரைந்து போய்விடும் என்ற யோசனை என் மண்டைக்குள் வரவேயில்லை.

இரண்டு கிழமைக்குள் காக்கா கல்முனைச் சந்தையடியில் பைக்கோடு விழுந்தார். வெறும் சிராய்ப்புத்தான். ஆனால் எழும்பிப் பார்த்தபோது மோதிரத்துக்கு அடியில் விரல் சிவந்திருந்ததாம். எரிநட்சத்திரம் சைத்தானுக்கு எறிகிற கல் என்று சின்ன வயதில் கேட்ட கதை அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வந்தார். எனக்குக் காட்டவென்றே மோதிரத்தைக் கழற்றாமல் வந்திருந்தார். வாசல் கடப்படியிலேயே சத்தம்.

“சைத்தானுக்கு எறிஞ்ச கல்லப் போய் என்ட கையில போட்டிரிக்காய். பாரு, ரெத்தம் குடிச்சிரிக்கி!”

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. துரு. ‘என்ட பிழை காக்கா’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் அவர், “இந்த ஊட்ட நான் கட்டித் தந்தது சைத்தான் வேல பாக்கவா?” என்றார்.

வீட்டைச் சொல்லிக் காட்டியதும் எனக்குத் தலைக்கேறியது.

“இப்பிடிச் சொல்லிக் காட்டுறதுக்கு நீங்க கட்டாமலே இரிந்திரிக்கலாம். ஒங்கட ஊட்ட நீங்களே தூக்கிட்டுப் போங்க!”

அறைந்தார். உதடு கிழிந்து வாய்க்குள் ரத்தம் உப்பாகக் கரித்தது. பட்டறைப் பலகையில் அக்கரைப்பற்று மணப்பெண் ஒருத்திக்கு முடித்து வைத்திருந்த பதக்கம் கிடந்தது. அதை இடது கையால் அமுக்கிப் பிடித்து, என் பெரிய சுத்தியலால் அடித்தார். வெள்ளி சப்பளிந்தது. நீலக்கற்கள் தூளாகித் தெறித்தன. ஒரு மாத வேலை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எங்கள் குடும்பத்தில் ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். சின்னச் சுத்தியலை எடுத்து அந்த இடது கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் இன்னொரு தரம் ஓங்கினேன். அவர் கையை இழுத்ததால் அது பலகையில் விழுந்தது.

விரல் நிமிஷத்துக்கு நிமிஷம் வீங்கியது. நெளிந்த மோதிரம் சதைக்குள் இறங்கி, விரல் நுனி கறுத்துக்கொண்டு வந்தது. நகை அறுக்கும் மெல்லிய வாளால் நான்தான் மோதிரத்தை அறுத்தேன். வாள் வழுக்கியதில் அவர் தோலையும் இரண்டு இடத்தில் கிழித்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவில் சொன்னேன்: “அது ரெத்தமில்ல காக்கா. துரு. தண்ணி பட்டுப் புடிச்ச. என்ட பிழை.”

“எப்ப தெரியும் ஒனக்கு?”

“நீங்க கையக் காட்டக்குள்ளயே.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விரல் எப்படி உடைந்தது என்று டொக்டர் கேட்டார். காக்கா முந்திக்கொண்டு, “பைக்கால விழுந்த” என்றார். டொக்டர் என் கிழிந்த உதட்டைப் பார்த்தார்.

“இவவுக்கு?”

“அது நான் அடிச்ச” என்றார் காக்கா.

டொக்டர் அவரை ஏசத் தொடங்கினார். காக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.