மழைமேல் போட்ட பழி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரங்கூனை ஒட்டிய தின்கன்ஜூனில் எங்கள் தமிழ்ச் சங்கக் கூடத்தில் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னைப் பற்றிப் பேசியவர் பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். நான் சொல்லாத எதையோ பழைய அரசாங்க அறிக்கை ஒன்றில் தேடிப் படித்திருக்கிறார். "வெள்ளைக்காரன் காலத்திலேயே மேல் பர்மாவின் பாலைக்காட்டில் மான்களைக் காக்கப் பாடுபட்டவர் நம்மவர். மழை பொய்த்து அந்த மான்கள் மடிந்தபோது அதை எழுதி வைத்த கையும் இவருடைய கைதான்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கும்பிட்டேன்.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதுதான் அது. போட மனமில்லையென்றால் திருப்பி அனுப்பலாம். ஒரு காகிதத்தைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் பி.ஏ. முடித்துவிட்டுக் கப்பலேறி வந்து, ரங்கூனில் காடுகளையும் வேட்டை உரிமங்களையும் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மேல் பர்மாவின் வறண்ட பகுதியில், வேட்டையாடக் கூடாது என்று ஒதுக்கிவைத்த காடு ஒன்று எங்கள் பொறுப்பில் இருந்தது. காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. முட்புதரும் கள்ளியும் வெடித்த செம்மண்ணும்தான். அங்கே மட்டும் தமின் என்ற மான் கூட்டமாக இருந்தது. அதன் கொம்பு நெற்றியிலிருந்து முன்னும் பின்னும் வளைந்து, நாண் ஏற்றாத வில்லைப்போல் இருக்கும்.

அந்தக் காட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். பச்சை மையில் கோணலாக ஒரு வட்டம், அதன் நடுவில் நீலமாக ஒரு புள்ளி. அந்த நீலப் புள்ளி ஒரு குட்டை. அந்தப் பிராணிகளின் உயிர் அதில் இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை.

தை மாதத்தில் ஒருநாள் அந்தக் காட்டின் காவல்காரன் அலுவலகத்துக்கு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். பர்மியரைப்போல் கட்டிய லுங்கி, தலையில் துண்டு, முகம் மட்டும் நம்மவர் முகம். "சயா" என்று கூப்பிட்டான். படித்தவர்களைப் பர்மியர் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். பிறகு தமிழுக்கு மாறினான்.

"அண்ணே, நீங்க தமிழாளுன்னு வாசல்ல சொன்னாங்க. எங்கப்பாவும் தமிழுதான். ரயில் ரோட்டு வேலைக்கு வந்தவரு. அம்மா பர்மாக்காரவங்க. எனக்குத் தமிழு கொஞ்சந்தான் வரும், சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்த கும்பகோணத்துச் சகா சிரித்தார்.

"என்ன ஓய், மேல் நாட்டுலேருந்து உம்ம மச்சினன் வந்திருக்கான் போலிருக்கே! இலை போடச் சொல்லட்டுமா?"

அறை முழுவதும் சிரித்தது. கலப்பில் பிறந்தவர்களைப் பர்மியர் 'கபியா' என்பார்கள். நாங்கள் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு அவர்களைவிடக் கேவலமாகச் சொல்லுவோம். அதே சமயம் தின்கன்ஜூனில் ஒரு பர்மியப் பெண்ணோடு நான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். ஊரில் இருந்த என் தகப்பனாருக்குத் தெரியாது. அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் அப்போது ஐந்து மாதம். பிறக்கப்போகும் என் பிள்ளையும் கபியாதான். அந்த 'மச்சினன்' எங்கே குத்தியது என்று புரிந்திருக்கும்.

காவல்காரனுக்கு அது புரியவில்லை. மேசைமேல் ஓலையில் கட்டிய பனைவெல்லத்தை வைத்துவிட்டுத் தன் பேச்சைத் தொடர்ந்தான்.

"பங்குனி வந்தா சுத்துவட்டாரத்துல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது அண்ணே. அந்தக் குட்டை ஒண்ணுதான். நானும் ஊர்க்காரங்க நாலு பேரும் மூணு வருசமா தூர் வாரினோம், கரை கட்டினோம். மாடு எறங்காம முள்ளு வேலி போட்டோம். ஒண்ணு ரெண்டா வந்த மானு கூட்டமா வர ஆரம்பிச்சுது. போன கோடையில எங்க துரை அந்தத் தண்ணி மேல பரண் கட்டிட்டாரு. சினேகிதருங்களக் கூட்டியாந்து, குடிக்கக் குனியிறதச் சுடுறாங்க. கோடையில சுடக்கூடாதுன்னு போர்டு வெச்சதே அவருதான்!"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"இந்தக் காகிதத்தப் பெரிய துரைகிட்ட குடுங்க. தண்ணிகிட்ட சுடக்கூடாதுன்னு ஒரு உத்தரவு வேணும். அது முடியாதுன்னா, கரைய ஒடைக்க எனக்கு உத்தரவு குடுங்க. ஒடைச்சு விட்டுர்றேன். தண்ணி இல்லேன்னா அதுங்க ஆத்துப் பக்கம் செதறிப் போயிரும், பாதியாவது பொழைக்கும். அதுங்கள அங்க கூப்பிட்டு நிக்க வெச்சவன் நான் அண்ணே."

"முறைப்படி பாக்கறேன். போ" என்றேன். ஒருமையில்தான் சொன்னேன்.

அவன் படியிறங்கியதும் சகா பொட்டலத்தைப் பிரித்தார். "மச்சினன் சீர் பிரமாதம் ஓய்" என்று வெல்லத்தைக் கடித்துக்கொண்டே எல்லாருக்கும் கொடுத்தார். நானும் தின்றேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். கீழே வேலை பார்ப்பவன் தன் மேலதிகாரியைத் தாண்டி நேராக மனு கொடுத்தால், அதை வாங்கிக்கொள்ளக் கூடாது. 'உரிய வழியாக வருக' என்று சிவப்பு மையில் ஒரு சீட்டு எழுதி ஒட்டி, அந்த மேலதிகாரிக்கே அனுப்பிவிட வேண்டும். மனு அந்த மேலதிகாரியின் மேலேயே என்றால் உறையில் மூடி பெரிய துரையிடம் நேரே வைக்கலாம் என்று ஒரு விலக்கும் உண்டு. அந்த விலக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதைக் கேட்க மற்ற எழுத்தர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

நான் சிவப்புச் சீட்டை ஒட்டினேன். அந்த மனிதன் தமிழில் பேசியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த அறையில் எல்லார் எதிரிலும் அண்ணே என்று என்னைக் கூப்பிட்டதை மன்னிக்க முடியவில்லை. அவனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று காட்ட விதிப்புத்தகம் கையில் இருந்தது. எதிராளியின் பெயர் எழுதிய காகிதத்தை அந்த எதிராளியின் விலாசத்துக்கே தபாலில் சேர்த்தேன். கோடை பிறக்க இரண்டு மாதம் இருந்தது. உத்தரவு போட ஒரு நாள் போதும்.

வைகாசியில் ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டது. போட்டாதாங் துறையில் எங்கள் அலுவலகத்துக்குச் சரக்கு வந்திருப்பதாகச் செய்தி வந்தது. அந்தப் பகுதித் துரை அனுப்பிய கொம்புகளும் தோல்களும். அவற்றை உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். கிடங்கு வாசலில் மழையில் நனைந்துகொண்டு அந்தக் காவல்காரன் நின்றான். அதே நீராவிக் கப்பலில், அதே சரக்கின் பின்னாலேயே வந்திருக்கிறான்.

"என்னை வேலையிலேருந்து எடுத்துட்டாங்க அண்ணே."

"எதுக்கு?" என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"நான் குடுத்த காகிதம் எங்க துரை கையில இருந்துச்சு. செவப்புச் சீட்டு ஒட்டியிருந்துச்சு. இது ஒன் கையெழுத்தான்னு கேட்டாரு. ஆமான்னேன்." என்னைத் திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. ரங்கூன் பெரிய ஊர், எந்தக் காகிதம் எந்தக் கைக்குப் போகும் என்று எனக்கு மட்டும் என்ன தெரியும் என்று நினைத்துவிட்டான். "அத விடுங்க. அந்தத் தோல்கட்ட அவுத்துப் பாருங்க."

அவிழ்த்தேன். மேலே இருந்த சில தோல்கள் முறையானவை. அடியில் இருந்தவற்றின் தலைப்பகுதியில் கொம்பு இருந்த அடையாளமே இல்லை. எல்லாம் பெண்மான்கள். அதற்கும் அடியில் சிறு தோல்கள், என் துண்டை விரித்தால் மூடிவிடும் அளவுக்கு. உடம்பில் குட்டிப்பருவத்துப் புள்ளி இன்னும் முழுதாக மறையவில்லை.

"இந்த வருசம் தண்ணி நெறைய இருந்துச்சு அண்ணே. அதுதான் வெனை. எல்லாம் அங்கேயே வந்து நின்னுச்சு. தாய் விழுந்தா குட்டி ஓடாது, பக்கத்துலயே நிக்கும். அதுங்களுக்கு அவங்க குண்டைக்கூட வீணாக்கல. தடி எடுத்துக்கிட்டாங்க."

எழுதுவதற்குக் கொண்டுபோயிருந்த காகிதம் நனைந்துகொண்டிருந்தது.

"நான் சொன்னா குடிகாரன் ஒளறுறான்னுவாங்க. தோல நீங்களே கண்ணால பாத்துட்டீங்க. நீங்க எழுதினா போதும். மிச்சம் கொஞ்சம் இருக்கு அண்ணே, அடுத்த கோடைக்குள்ள உத்தரவு வந்தா அது தப்பிச்சுரும்."

"எழுதறேன்" என்றேன்.

மறுநாள் மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். பெண்மான், குட்டி என்று எழுதினால் விசாரணை வரும். விசாரணை வந்தால் தை மாதத்து மனு வரும். மனு வந்தால் அதன் தலையில் ஒட்டிய சிவப்புச் சீட்டும் அதில் என் கையெழுத்தும் வரும். விலக்கு விதி தெரிந்தவன் ஏன் அதைச் செய்யவில்லை என்று கேட்பார்கள். தலைமை எழுத்தர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். பேனா நகரவில்லை.

சகா எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? மழை இல்லே, குட்டை வத்திப்போச்சு, செத்துக் கிடந்ததை உரிச்சாங்கன்னு எழுதும் ஓய். மழைக்கு யார் வக்கீல் வைக்கப்போறா?"

அவரைக் குறை சொல்லமாட்டேன். வார்த்தைதான் அவருடையது. எழுதியது நான். 'மழை பொய்த்ததால் நீர்நிலை வற்றி, பெண்மான்களும் குட்டிகளும் மடிந்தன. அவற்றின் தோல்கள் சேகரிக்கப்பட்டன.' நல்ல ஆங்கிலத்தில், பிழையில்லாமல் எழுதினேன். எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே தெரு தெரியாமல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வரியைப் பெரிய துரை ஆண்டு அறிக்கையில் என் பெயரோடு அப்படியே சேர்த்தார். அதோடு அது நிற்கவில்லை. தண்ணீர் தங்காத இடத்தில் மானுக்கென்று காடு எதற்கு என்று மேலே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, என் வரி உண்மையாக இருந்திருந்தால். அடுத்த குளிர்காலத்தில் அந்தக் காட்டின் ஒதுக்கீட்டை எடுத்துவிட்டார்கள். விறகுக்கும் கரிக்கும் குத்தகைக்குப் போயிற்று. வரைபடத்தைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. பச்சை வட்டத்தைக் கத்தியால் சுரண்டினேன். நீலப் புள்ளியையும் சுரண்டினேன். மை ஊறியிருந்ததால் அது சுலபத்தில் போகவில்லை, காகிதம் ஓட்டையாகிவிட்டது.

அந்தக் காவல்காரன் ஊருக்குத் திரும்பவில்லை. போட்டாதாங்கில் மூட்டை தூக்கினான். ஒருநாள் துறையோரம் என்னைக் கண்டு, தோளில் இருந்த சாக்கை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தான்.

"எழுதிட்டீங்களா அண்ணே?"

"எழுதிட்டேன்" என்றேன்.

அது பொய்யும் இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும் உத்தரவு வந்துவிட்டதா என்று ஆள் அனுப்பிக் கேட்பான். 'மேலே போயிருக்கிறது' என்று சொல்லியனுப்புவேன். காடு போய்விட்டது என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கோடையில் ஆள் வரவில்லை. துறையில் விசாரித்தேன். கியாக்தான் பக்கம் போய்விட்டான் என்றார்கள். அங்கே போய்த் தேட எனக்குத் துணிவு வரவில்லை. நான் தலைமை எழுத்தரானேன்.

இந்த அலுவலகங்களைப் பற்றி இப்போது பெருமையாகப் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதி வைத்தான், ஒழுங்கு இருந்தது என்கிறார்கள். எழுதி வைத்தோம், உண்மைதான். என்னைப் போன்ற படித்த ஆட்கள் பிழையில்லாமல் எழுதி வைத்தோம். சுட்டவர்கள் சில கோடைகள் சுட்டார்கள். காட்டையே இல்லாமல் செய்தது ஒரு சிவப்புச் சீட்டும் ஒரு நல்ல ஆங்கில வாக்கியமும். இரண்டும் என் கையெழுத்து. பள்ளி ஆசிரியர் மேடையில் மேற்கோள் காட்டியதும் அதே வாக்கியம்தான்.

பொன்னாடையை இந்தக் கட்டுரையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். உரிய வழியாக, சங்கச் செயலாளர் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டுரையை முழுதாகப் போட மலரில் இடமில்லையென்றால் ஒரே ஒரு திருத்தமாவது போடுங்கள். அந்த ஆண்டு மழை பொய்க்கவில்லை. அந்தக் கோடையில் குட்டையில் தண்ணீர் இருந்தது.