பேத்தி வகுப்புக்கு எழுதியது

ஒன்பது வயதுப் பேத்தி தன் வகுப்பை நம்பி எழுதியதை நான் ஊருக்குக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் புறநகரான செவன் ஹில்ஸில் அவளுடைய பள்ளியில் பிள்ளைகளுக்கென்று ஒரு வலைப்பதிவு உண்டு. வகுப்பும் வீட்டாரும் மட்டுமே அதைப் பார்க்கலாம். வெளியே பகிர மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் கடவுச்சொல்லை வாங்கினேன்.

ஒருநாள் அவள், அம்மா கத்தும்போது குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பதாக எழுதியிருந்தாள். அந்த வாரம் எனக்கும் மருமகளுக்கும் பேச்சில்லை. மருமகளை அவமானப்படுத்தவே அதைப் படமெடுத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன.

"அண்ணை, உங்கட வீட்டில பொலிஸ் மருமகள்தான் போல!" என்று லண்டனிலிருந்து ஒருவன் எழுதினான். நானும் சிரித்தேன்.

கனடாவிலிருக்கும் மச்சாள் ஒருத்தி மறுநாளே பேத்தியிடம் சொல்லிவிட்டாள்.

"ஏன், அப்பப்பா? நான் கிளாசுக்குத்தானே எழுதினனான்?" என்றாள் பேத்தி. அவள் அழவில்லை.

படத்தை அழிக்கும்படி குழுவில் கெஞ்சினேன். மருமகளிடமும் பேத்தியிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லாற்ற போனிலயும் அழிஞ்சிட்டுதா?" என்று கேட்டாள் பேத்தி.

"தெரியேல்லை, அம்மா."

ஆசிரியையிடம் உண்மையைச் சொல்லி என் அனுமதியை நீக்கச் செய்தேன். மருமகள் மன்னித்துவிட்டாள். பேத்தி இப்போது நாய்க்குட்டியையும் நெட்போல் விளையாட்டையும் பற்றி மட்டுமே எழுதுகிறாளாம். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று மகன் சொல்கிறான். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் எனக்கு மட்டும் கேட்கிறது.