உடும்பக்காவின் பாதி வாக்கியம்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் உடும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளும் "என்ன?" என்று திரும்புவாள்.

ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் கூடம். மேலே படுத்திருக்கிற அத்தனை நோயாளிகளின் விரிப்புகளும் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேரும். துவைப்பதும் உலர்த்துவதும் மெஷின். சூடான ரோலருக்குள் போய் மொடமொடவென்று வெளியே வந்த பிறகு மடிப்பது மட்டும் மனுஷர்கள். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்துப் பிடித்து, ஓர் உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். சேர்த்ததும் பின்னால் போய் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கிட்டே வருவதும் தள்ளிப் போவதுமாகவே எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

இதில் ஒரே ஒரு சட்டம்தான். பிடித்த மூலையை விடக் கூடாது. விட்டால் துணி தரையைத் தொடும், தரையைத் தொட்டது நேராக அழுக்கு வண்டிக்குப் போகும், சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். எங்களில் விடாதவர்கள் யாரும் இல்லை, அவளைத் தவிர. தும்மல் வந்தால் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொள்வாளே ஒழியக் கையை எடுக்க மாட்டாள். ஒருமுறை தீ எச்சரிக்கை மணி அடித்து நாங்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். இவள் மட்டும் பாதி விரிப்பைப் பிடித்தபடி நடுக்கூடத்தில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய், இதை மடிச்சுக் குடுத்துட்டுப் போய்ச் சாவு." நல்லவேளை, அது சும்மா சோதனைக்கு அடித்த மணி. அன்றிலிருந்து அவள் உடும்பக்கா.

நான் அவளுக்கு இரண்டாவது ஜோடி. முதல் ஜோடி அவள் கூடப் பிறந்த தங்கை. இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவளுக்கு என்ன மரியாதையோ அதுதான் எனக்கும். "சின்னவ இருந்தா இந்நேரம் இந்த அடுக்கு முடிஞ்சிருக்கும்." "சின்னவ உதறுனா சத்தமே வேற மாதிரி கேக்கும்." நான் என்ன, உதறத் தெரியாமலா பிறந்தேன்? ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். அவர்கள் இருவரும் மடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பேச்சே இருக்காது. ஒருத்தி மூச்சு இழுத்தால் மற்றவள் கை எழும்பும். அந்தச் சின்னவள்தான் வேறு ஊரில் ஓர் ஓட்டல் சலவையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நல்ல வேலை. அங்கே மடிப்பதற்கும் மெஷினாம்.

போகிறேன் என்று அவள் சொன்ன அன்று கூடத்தில் எல்லாரும் இருந்தோம். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி விரிப்பை மடித்து முடித்தாள். முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "பிடிச்சத பாதியில விடுறவ நீ. போ, போய் அந்த மெஷினோடயே இருந்துக்கோ. என் மூஞ்சியில முழிக்காத." ஒரு மெஷின்மேல் இவ்வளவு பொறாமைப்பட்டவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சின்னவள் மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாள். அன்று அக்கா தலைவலி என்று லீவு போட்டாள். காய்ச்சலோடு வந்து நிற்கிறவள் தலைவலிக்கு லீவு போட்டதும், வீட்டில் வீம்பாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் சின்னவள் போனில் ஒரு செய்தி அனுப்பினாள். "வந்து சேந்துட்டேன்க்கா." அவ்வளவுதான். அடுத்த நாள் மூன்றரை மணி டீ நேரத்தில் அக்கா அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். "நீ போன அன்னைக்கு நான்" என்று எழுதினாள். அதற்குமேல் விரல் போகவில்லை. மணி அடித்தது. போனை அப்படியே ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு அந்தச் செய்தி ஆப் ஒரு நோட்டிஃபிகேஷன் போட்டது. "நீங்கள் எழுதி முடிக்காத செய்தி ஒன்று இருக்கிறது. தொடரலாமா?" அவள் அதைத் தட்டினாள். விட்டது விட்டபடி இருந்தது. "நான்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு மின்னிக்கொண்டு நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "தூங்கல" என்று சேர்த்தாள், அழித்தாள். "சாப்பிடல" என்று சேர்த்தாள், அதையும் அழித்தாள். எட்டிப் பார்த்த எனக்கு எரிச்சலாக வந்தது.

"தூங்கலதானேக்கா, அதையே அனுப்புங்களேன்."

"தூங்கலதான். ஆனா சொல்ல வந்தது அது இல்ல."

இது தினப்படி வழக்கமாகிவிட்டது. மூன்றரைக்குப் போன் சிணுங்கும், தட்டுவாள், ஏதாவது சேர்ப்பாள், அழிப்பாள், பைக்குள் போடுவாள். டீ ஆறிப் போயிருக்கும். அந்த வாக்கியத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து தெருமுனையில் இருக்கும் போன் ரிப்பேர்க்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு விளக்கம் சொன்னாராம். "இது பழைய ஆப்மா, எழுதினத எங்கயும் எழுதி வச்சுக்காது. பின்னால சும்மா தூங்கிட்டிருக்கும். நோட்டிஃபிகேஷன தட்டினா கண்ணு முழிச்சு, விட்ட எடத்துலயே நிக்கும். ஐகான தட்டினியோ, புதுசாப் பொறந்த மாதிரி முதல் பக்கத்துல வந்து நிக்கும். போன அணைச்சாலும் அதே கதிதான்."

அன்று முதல் அவள் அந்த ஐகான்மேல் விரலை வைக்கவில்லை. போனை அணைக்கவில்லை. சார்ஜர் இல்லாமல் வேலைக்கு வரமாட்டாள். கரண்டு போனால் முதல் ஆளாகப் பதறுவாள். பிள்ளை பெற்று வீட்டில் விட்டுவிட்டு வந்தவள்கூட அப்படி அடிக்கடி பையைத் தொட்டுப் பார்க்க மாட்டாள். "நாலு வார்த்தைக்கா இத்தனை பாடு?" என்று கேட்டேன்.

"அந்த நாலும் அன்னைக்கு எப்படியோ வந்துடுச்சு. திரும்ப எழுதச் சொன்னா எனக்கு வராது" என்றாள். பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரியே இல்லாமல், "அதைப் பாத்தா அவ எதிர்ல நிக்கற மாதிரி இருக்கு. இன்னும் பேசி முடிக்கல, அவ்வளவுதான்னு தோணும்" என்றாள்.

அவளுக்கு அந்தத் தங்கை வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. விரிப்பின் அந்தப் பக்கத்தில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் ஏமாந்த நாட்கள் எனக்குத் தெரியும். எனக்கே சில நாள் குற்றம் செய்தவள் மாதிரி இருக்கும். நான் என்ன செய்ய, என் முகம் இதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் நிர்வாகம் கையை வைத்தது. இனிமேல் வருகைப்பதிவு போனில்தான், ஆளாளுக்கு முகத்தைக் காட்டினால் போதும் என்று ஓர் ஆப் கொடுத்தார்கள். சூப்பர்வைசரே வரிசையாகப் போனை வாங்கிப் போட்டுக்கொடுத்தார். அக்கா கடைசிவரை கொடுக்காமல் இழுத்துப் பார்த்தாள். "முகம் காட்டலைன்னா சம்பளம் கிடையாது" என்றதும் கொடுத்தாள். அவளுடைய பழைய போன் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. திரை அப்படியே உறைந்தது, சுடச்சுட ஆனது, தானாக அணைந்து தானாக எழுந்தது. எழுந்ததும் அவள் முகத்தைக் கேட்டது. கொடுத்தாள்.

அன்று மூன்றரைக்குப் போன் சிணுங்கவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ரிப்பேர்க்காரரிடம் ஓடினாள். "இதுக்கு எடம் குடுக்கறதுக்காக அத வெளிய தள்ளிடுச்சும்மா. போனது போனதுதான்" என்று கையை விரித்துவிட்டார்.

மறுநாளும் சிணுங்கவில்லை. துணி மூட்டைமேல் உட்கார்ந்து இருண்ட திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நானே எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "நீ என்ன எழுதுவ? உனக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தாள். நியாயம்தான், எனக்கு ஒன்றும் தெரியாது. அப்போதுதான் போன் அடித்தது. நோட்டிஃபிகேஷன் இல்லை, அழைப்பே. சின்னவள்.

அக்காவின் போனில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் எப்போதோ கெட்டுவிட்டது. ஸ்பீக்கர்தான். அதனால் நானும் கேட்டேன். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

"அக்கா, உடம்புக்கு ஏதாவதா?"

"எனக்கென்ன கேடு. நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல, ரெண்டு நாளா நீ எழுதல."

"நான் எப்ப எழுதினேன்? ஒண்ணும் அனுப்பலயே."

"அனுப்பலதான். ஆனா தினம் மூணரைக்கு எழுதுவியே. இங்க மேல காட்டும்க்கா, 'எழுதிக்கொண்டிருக்கிறார்'னு. கொஞ்ச நேரம் நிக்கும், அப்புறம் போயிடும். அதப் பாக்கறதுக்குன்னே என் டீ நேரத்த மூணரைக்கு மாத்தி வாங்கிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அனுப்பாதவரை யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எனக்காவது உறைத்திருக்க வேண்டும், என் போனிலும் அந்த வரி வருவதுதான். மண்டையில் ஏறவே இல்லை.

"அப்ப ஏன் நீ ஒண்ணும் கேக்கல?" என்று கேட்டாள் அக்கா.

"கேட்டா நிறுத்திடுவ. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

போனின் இரண்டு பக்கமும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மெஷின், அவர்கள் மெஷின்.

"இங்க மெஷின் நல்லாத்தான் மடிக்குதுக்கா" என்றாள் சின்னவள். "மூலையெல்லாம் சரியாச் சேருது. ஆனா எதிர்ல யாரும் இல்ல." பிறகு, "என்னக்கா எழுதிட்டிருந்த? இப்ப சொல்லேன்" என்றாள்.

"வேலை இருக்கு. வை" என்று சொல்லி அக்கா அழைப்பைத் துண்டித்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அந்தத் துணி மூட்டையோடு சேர்த்து டிரம்மில் போட்டுத் துவைத்திருப்பேன்.

ஆனால் அவள் போனைப் பைக்குள் போடவில்லை. இத்தனை நாள் தொடாத அந்த ஐகானைத் தட்டினாள். ஆப் புதுசாகப் பிறந்து வந்து நல்வரவு சொன்னது. தங்கையின் பெயரைத் தேடி எடுத்தாள். கட்டம் காலியாக இருந்தது. "நீ போன அன்னைக்கு நான்" என்று எழுதினாள். விரலை எடுக்காமலே மேலே போனாள். "பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். டிக்கெட் கவுண்டருக்குப் பின்னாடி நின்னேன்." படித்துப் பார்க்கக்கூட இல்லை. அனுப்பிவிட்டாள்.

அந்தத் தலைவலி லீவு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திரையின் மேலே அந்த வரி வந்தது. எழுதிக்கொண்டிருக்கிறார். போனது. மறுபடி வந்தது. "இதைத்தான் தினமும் பாத்துட்டு இருந்தாளா?" என்று கேட்டாள் அக்கா. டீ நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. வந்தபடியும் போனபடியும் இருந்த அந்த வரியோடு போனை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு ரோலர் பக்கம் நடந்தாள்.

முதல் விரிப்பை எடுத்தோம். ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்து உதறினோம். நீளவாக்கில் மடித்துவிட்டு அவளை நோக்கி நான் ஓர் அடி வைத்தேன். அவள் பைக்குள் போன் சிணுங்கியது.

அவள் கையை விட்டுவிட்டாள்.

விரிப்பின் அவள் பக்கம் முழுக்கத் தரையில் சரிந்தது. என் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன். அவள் நோட்டிஃபிகேஷனைத் தட்டி, படித்து, மறுபடி படித்து, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "அந்தப் பக்கம்தான்க்கா பாத்துட்டே இருந்தேன். பஸ் திரும்புற வரைக்கும்."

துணி விழுந்ததைத் தூரத்திலிருந்தே சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"யார் அங்க கையை விட்டது?"

என் பெயரைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன், வழக்கமாக விடுகிறவள் நான்தானே. அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நான்தாங்க. நான்தான் விட்டேன்."