விடியுமுன் எரியும் பாய்லர்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் என் பக்கத்து வீட்டு டோரத்தி வாய் திறந்து குறை சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிச் சமையலறை வேலையில் கையில் கொதிநீர் கொட்டியபோதும் "ஒண்ணுமில்ல" என்றவள். பஸ் ஓட்டிய கணவர் வில்ஃப் சென்ற இலையுதிர் காலத்தில் இறந்தார்.

சுவர் பூசுவதற்காகக் கழற்றிய, வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை மறுபடி இணைக்க, நேற்று உரிமம் பெற்ற கேஸ்காரனைக் கூப்பிட்டிருந்தாள். நானும் துணைக்கு இருந்தேன். அவன் உரிம அட்டையைக் காட்டியதும், "படத்துல ஒல்லியா இருக்கியே, கண்ணு!" என்று கேலி செய்தபடி தேநீர் போட்டாள்.

கசிவு இல்லையென்று சோதித்துவிட்டு அவன் பாய்லரைப் பற்றவைத்தான்.

"டைமர்ல யாரோ விடியுறதுக்கு முன்னாடியே எரியிற மாதிரி வெச்சிருந்தாங்கம்மா. கேஸ் வீணாப்போகுமேன்னு ஏழு மணிக்கு மாத்திட்டேன்."

அந்த நேரம், அதிகாலையில் முதல் பஸ்ஸை எடுக்கப் போகும் வில்ஃப் தன் கையால் வைத்தது. அவர் போன பிறகும் டோரத்தி பாய்லர் பற்றிக்கொள்ளும் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பாள். கேட்காமல் கைவைத்தவனை அறையலாம்போல் இருந்தது எனக்கு.

"நல்லதாப் போச்சு, கண்ணு. இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோ" என்றாள் அவள்.

அவன் வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் எத்தனை மணிக்கு வெச்சிருந்தார்னு உனக்குத் தெரியுமா? நான் ஒருநாளும் கடிகாரத்தைப் பார்க்கலையே."