தேங்காய் எண்ணெய் பூசாத துவக்கு

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே எங்கள் பயிற்சி முகாம். மழை, பனி, அட்டை. மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன. எங்கள் சார்ஜனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அவருக்குத் துவக்கு மினுங்க வேண்டும். சுடுகிறதா என்பது பிறகு. வரிசையில் நிற்க வைத்து, துவக்கில் தன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார். அப்படிப் பார்க்கவேண்டிய முகமும் இல்லை.

நான் பன்வில தோட்டத்தில் பிறந்தவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது எங்கள் லயத்து வீடுகள் எல்லாமே சிரித்தன. முதல் சுடும் பரீட்சையில் பத்துக்கு ஐந்துதான் இலக்கில் பட்டது. ஏழு வேண்டும். இரண்டாம் தடவையும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சிரிப்பை மறுபடி கேட்க நான் தயாராக இல்லை.

இரண்டாவது பரீட்சைக்கு முதல் நாள் துவக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. பெரிய அதிகாரி வேறு வருகிறாராம். சார்ஜன் குசினியிலிருந்து தேங்காய் எண்ணெய் டின்னைத் தூக்கி வந்தார். உள்ளேயும் வெளியேயும் பூசச் சொன்னார்.

எங்கள் வீட்டில் மார்கழியில் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்தால்தான் தலைக்கு ஊற்றலாம். இல்லாவிட்டால் குச்சியால் தோண்டவேண்டும். குளிருக்கு இது உறைந்துவிடும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். உங்கள் தோட்டத்தில் தேயிலையோடு துவக்கும் முளைக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பகிடிக்குச் சிரிக்காவிட்டால் ஓடவேண்டும்.

அவர் முன்னால் நானும் பூசினேன். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் கழற்றினேன். பழைய சாரத்துண்டால் குழலைத் துடைத்தேன். போல்ட்டுக்குள் இருந்து குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியையும் அது ஓடும் துளையையும் காயும்வரை துடைத்தேன்.

மாலையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது என் துவக்கு மினுங்கவில்லை. தலைக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு மழையில் மைதானத்தைச் சுற்ற விட்டார். திரும்பி வந்தபோது பக்கத்துக் கட்டில்காரன், மடவளையைச் சேர்ந்தவன், சிரித்தான்.

“மச்சான், எங்கட துவக்கெல்லாம் மாப்புள மாதிரி ஈக்கு. ஒண்ட துவக்கு மட்டும் காஞ்ச கருவாடு.”

“கருவாடு கெட்டுப் போகாதுடா,” என்றேன்.

விடிந்ததும் வாயைத் திறந்தால் குளிரில் புகை வந்தது. அதிகாரி குடைக்குக் கீழே கதிரையில் இருந்தார். முதல் வரிசை சேற்றில் படுத்தது. விசையை இழுத்தார்கள். டிக் என்றது. மறுபடி டிக். எங்கோ ஒன்று வெடித்தது, அவ்வளவுதான். போல்ட்டை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி. அதற்குள் ஊசி சிக்கிக் கிடந்தது. மாப்பிள்ளைகள் மினுங்கிக்கொண்டே இருந்தன.

சார்ஜன் வந்து என் துவக்கைப் பிடுங்கினார். எல்லோரும் அதில்தான் சுட்டார்கள். ஒவ்வொருவன் படுக்கும்போதும் குழல் நுனியில் இருக்கும் முன்குறியைச் சாவியால் ஒரு திருகு திருகினார். அதிகாரி பார்க்கிறாரே. ஏதோ தெரிந்தவர் மாதிரி இருக்கவேண்டும்.

கடைசியில் நான். அதற்குள் அந்தக் குறி எங்கே பார்க்கிறது என்று அதற்கே தெரியாது. முதல் குண்டு இலக்குக்கு வலப்பக்கம் சேற்றைத் தெறிக்க வைத்தது. இரண்டாவதும் அங்கேதான். மிச்சம் எட்டு. சார்ஜனைக் கூப்பிட்டுத் திருகச் சொன்னால் இன்னும் கெடும். இலக்கின் இடது ஓரத்துக்கும் வெளியே, வெறும் மண்ணைப் பார்த்து மூச்சைப் பிடித்தேன். பட்டது. அதே மண்ணையே பார்த்துச் சுட்டேன். ஒன்று தவறியது.

ஏழு.

இந்த மழைக்குள்ளும் ஒரு துவக்கையாவது இப்படிப் பராமரித்திருக்கிறீர்களே என்று அதிகாரி சார்ஜனைப் பாராட்டினார். சார்ஜன் நெஞ்சை நிமிர்த்திச் சல்யூட் அடித்தார்.

அடுத்த கிழமையும் துவக்கு எண்ணெய் வரவில்லை. அதே டின் வந்தது. சார்ஜன் பாடம் படித்திருந்தார். இந்த முறை சூடாக்கிப் பூசச் சொன்னார்.

நானும் பூசினேன். சாரத்துண்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். மடவளைக்காரன் அங்கே எனக்கு முன்னமே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தான்.